மெத்தை லேபிளில் அப்பா

...இவனுக்கு வரையவே வராதாம். பூனை வரையச் சொன்னால் பூசணிக்காய் வருமாம். சொல்வதற்கு ஒரு வெட்கம் வேண்டாமா, சிரித்துக்கொண்டு சொல்கிறான், சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் கம்ப்யூட்டர் திரையில் அவள் வரைந்த காதின் மேல் மவுஸை நிறுத்தி, இது என்னக்கா என்று கேட்கிறான். காதைப் பார்த்து இது என்ன என்று கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது... காதுதான், அவள் அப்பாவின் இடது காது, சின்ன வயதில் கதவிடுக்கோ சைக்கிள் சங்கிலியோ எதுவோ கடித்து மேல் விளிம்பில் ஒரு வெட்டு விழுந்த காது, எப்படி விழுந்தது என்று கேட்டால் அவர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொல்வார், கதை மாறும், வெட்டு மாறாது. அந்த ஒரு வெட்டை வரைவதற்கு அவள் எத்தனை தடவை அழித்தாள் என்று இவனுக்குத் தெரியுமா? "அப்பா காதுல ஒரு வெட்டு இருக்கும்" என்று மட்டும் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் வாயிலிருந்த சூயிங்கத்தை மறு கன்னத்துக்கு மாற்றினான், திரையில் மூக்கு உரசுகிற மாதிரி குனிந்து அந்த வெட்டைப் பார்த்தான், பார்த்துவிட்டு "நல்லா இருக்குக்கா" என்றான், அப்புறம் வெட்டின் மேலிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துவிட்டான். காது வழவழவென்று ஆகிவிட்டது. யாருடைய காதாகவும் இருக்கலாம் இனிமேல். நல்லா இருக்கு என்றவன் எதற்காக எடுக்கிறான், நன்றாக இல்லாததையல்லவா எடுக்கவேண்டும்? இது எந்த ஊர் நியாயம்?

பென்சிலால் வரைந்ததை அப்படியே மெத்தையில் தைக்கிற லேபிளில் நெய்ய முடியாதாம். அதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, அதன் மேலேயே மவுஸால் கோடு இழுத்து, கோடு திரும்புகிற இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வைக்கவேண்டுமாம். அவள் நேற்று முழுக்க உட்கார்ந்து வைத்தாள். அப்பா உடம்பில் கோடு திரும்பாத இடம் எது? தாடையில் திரும்பும், தாடைக்குக் கீழே இருக்கிற இன்னொரு தாடையில் திரும்பும், தொப்பை ஏறி இறங்கும், பனியன் சுருங்கி ஏறிய இடத்தில் மறுபடி ஏறும்... சர்க்கரையில் எறும்பு மொய்த்த மாதிரி அப்பா முழுக்கப் புள்ளி. இன்று காலையில் அதைப் பார்த்ததும் இவன் தலையில் கைவைத்துக்கொண்டான். இத்தனை புள்ளி இருந்தால் கோடு நடுங்குமாம், புள்ளி குறையக் குறையத்தான் கோடு அழகாகுமாம். நடுங்கட்டுமே. மனுஷன் என்றால் நடுங்கமாட்டானா? இந்த ஆபீசில் எல்லோரும் இவனைப் புள்ளி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அப்பா அம்மா வைத்த பெயர் முதலாளிக்கே மறந்திருக்கும். அவளைவிட ஐந்தாறு வயது சின்னவன், அக்கா அக்கா என்று வாய்க்கு வாய் கூப்பிடுகிறான், கூப்பிட்டுக்கொண்டே அறுக்கிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அவளாவது தன் கூடத்தைச் சொன்னாள், இவன் ஆடுகிறவளின் காலைப் பிடித்துக்கொண்டு இங்கே வை, அங்கே வை என்கிறான். அவள் அவன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவேண்டும், கற்றுக்கொள்ளவேண்டும். வாரம் முழுக்க இதுதான். இன்று சாயங்காலம் முதலாளி வந்து கேட்பார், வேலையில் சேர்கிறாயா இல்லையா என்று. இல்லை என்றால் திங்கட்கிழமை பழைய இடத்துக்கே போய்விடலாம், பல் டாக்டரம்மா அதுவரைக்கும்தான் அவளுடைய நாற்காலியை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

அந்த நாற்காலிக்கு என்ன குறை? பல் டாக்டரம்மாவின் முன்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரைக் கேட்டு எழுதி, உட்காருங்க கூப்பிடுவாங்க என்று சொல்கிற வேலை. மற்ற நேரமெல்லாம் அவள் நேரம். பல்வலிக்காரர்களைப் போல வரைவதற்குத் தோதானவர்கள் உலகத்திலேயே கிடையாது, அசையமாட்டார்கள், பேசமாட்டார்கள், தன்னை ஒருத்தி பார்க்கிறாள் என்ற நினைப்பே இருக்காது, கன்னத்தைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பற்பசை வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து உள்பக்கத்தில் வரைவாள், அந்தச் சாம்பல் நிற அட்டையில் பென்சில் ஏறுகிற சுகம் எந்த வெள்ளைத் தாளிலும் வராது. போலீஸ்காரர் ஒருத்தர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறவர்... கல்யாணம் நிச்சயமான ஒரு பெண், முன்பல்லை மட்டும் சரிபண்ண வந்தவள், சிரித்துப் பார்த்துச் சிரித்துப் பார்த்து... எல்லாம் அட்டையில் இருந்தார்கள், இழுப்பறையில் அடுக்காக. ஒருநாள் டாக்டரம்மா இழுப்பறையைத் திறந்து தொலைத்தாள். உடனே ஆரம்பித்தது. இவ்வளவு நல்லா வரையுறியே, இங்க உட்கார்ந்து ஏன் வீணாப் போற, கிராபிக் டிசைன் பக்கம் போயேன். அவள் மட்டுமா, யார் பார்த்தாலும் இதே பேச்சு, எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த மாதிரி. நன்றாகப் பாடுகிறவளிடம் போய், நீ ஏன் பஸ் நிலையத்தில் அறிவிப்புப் படிக்கக் கூடாது என்று யாராவது கேட்பார்களா? நன்றாக ஓடுகிறவனைத் தபால் கொடுக்கப் போ என்பார்களா? வரைகிறவள்தான் எல்லோருக்கும் இளைத்தவள், அவள் கையில் பென்சிலைப் பார்த்ததும் இதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசனை வந்துவிடுகிறது. படம் சோறு போடுமா என்று இத்தனை வருஷம் கேட்ட அப்பாவே, கம்ப்யூட்டர் என்றதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா வீட்டுக்காரருக்கு இந்த முதலாளியைத் தெரியுமாம், ஒரு வாரம் போய்ப் பார்க்கட்டும் என்று பேசி முடித்துவிட்டு வந்து, ஏதோ வரன் பார்த்து முடித்தவர் மாதிரி காலை நீட்டிக் காப்பி கேட்டார்.

சரி, பழியை எல்லோர் மேலும் போட்டுவிட முடியாது. அவளுக்கும் ஆசைதான். கரும்பு தின்னக் கூலியும் கொடுக்கிறார்கள் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? காலையில் எழுந்து குளித்து, டிபன்பாக்ஸ் கட்டிக்கொண்டு, வரைவதற்காகவே ஒரு இடத்துக்குப் போவது, வரைந்துவிட்டுக் களைத்து வருவது... அதை நினைத்து அவள் முதல் நாளைக்கென்று ஒரு புதுச் சட்டைகூட எடுத்தாள். டயர் கடைக்கு மேலே ஒரு நீள அறை, கீழேயிருந்து ரப்பர் வாசனை, ஏசி சொட்டுகிற இடத்தில் ஒரு பெயின்ட் வாளி, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். வந்ததும் அவள் தேடியது பென்சிலை. எந்த மேசையிலும் இல்லை. ஆபீஸ் மொத்தத்துக்கும் ஒரே ஒரு பென்சில் இருந்தது, அதுவும் முதலாளி முதுகு சொறிய வைத்திருந்தது. கரும்பு எங்கே, கரும்பு எங்கே என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு சலவைக்கடை நோட்டீஸைக் கொடுத்து அதிலிருந்த போன் நம்பரை இடதுபக்கம் நகர்த்தச் சொன்னார்கள். நகர்த்தினாள். ரொம்பப் போய்விட்டதாம். வலதுபக்கம் நகர்த்தினாள். இப்போது எழுத்து மூச்சு முட்டுகிறதாம். புள்ளி ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்துச் சொல்வான், "கொஞ்சம் காத்து விடுங்கக்கா அதுக்கு." எழுத்துக்குக் காற்று வேண்டும், சலவைக்கடைக்காரன் போன் நம்பருக்குக் காற்று வேண்டும், ஜன்னலே இல்லாத இந்த அறையில் உட்கார்ந்திருக்கிற மனுஷிக்கு வேண்டாம். ஒரு நாள் பூராவும் ஒரு நம்பரை நகர்த்தியதற்குப் பேர் டிசைன் என்றால், வீட்டில் அம்மா பண்டிகை வந்தால் பீரோவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்துகிறாளே, அவள் எவ்வளவு பெரிய டிசைனர்!

அப்புறம்தான் மெத்தைக் கம்பெனி வந்தது. முதலாளி காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டே வந்தார், அவருக்குக் கழுத்து கோணிப்போனதே இதனால்தான். மெத்தையின் மூலையில் தைக்கிற சின்ன லேபிள், நூலில் நெய்வது. பழைய லேபிளில் நிலா இருந்ததாம், எல்லா மெத்தையிலும் நிலாதான் இருக்கிறதாம், இவர்களுக்குத் தூங்குகிற ஆள் ஒருத்தர் வேண்டுமாம். நீங்கதான் வரைவீங்களே, பார்த்தா கொட்டாவி வரணும் என்றார். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு, கடைசியில் ஒருத்தர் கேட்டுவிட்டார். தூங்குவதற்கு அப்பாவை விட்டால் வேறு யார்? பேசிக்கொண்டே தூங்குவார், சாப்பிட்டுக்கொண்டே தூங்குவார், ரேஷன் வரிசையில் நின்றுகொண்டு தூங்கி முன்னால் நிற்கிறவர் முதுகில் சாய்ந்த ஆள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோதும் சோபாவில் தூங்கிக்கொண்டுதான் இருந்தார், ஈ புகுந்தாலும் தெரியாத மாதிரி வாயைத் திறந்துகொண்டு, ஒரு கால் போர்வைக்கு வெளியே. செருப்பைக் கழற்றிய கையோடு தரையில் உட்கார்ந்து வரைந்தாள். கை தானாக ஓடியது. நல்ல படம் வரும்போது அவளுக்குத் தெரியும், காதுக்குள் ஒரு அமைதி வந்துவிடும், பக்கத்து வீட்டு மிக்சி சத்தம்கூடக் கேட்காது. மறுநாள் முதலாளி அதைப் பார்த்துச் சிரித்தார், சிரித்த வாய் அப்படியே கொட்டாவியாக விரிந்தது, அவரைப் பார்த்து அடுத்த மேசை ஆள் கொட்டாவி விட்டார், வரிசையாக எல்லோரும். அதைவிட ஒரு பாராட்டு உண்டா? அந்த நிமிஷத்தில் கேட்டிருந்தால் சேர்கிறேன் என்று சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. புள்ளி, இதை லேபிளுக்கு ரெடி பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவைக் கேட்கவே வேண்டாம். படம் சோறு போடுமா என்று கேட்ட மனுஷன், தன் படம் என்றதும் தெருவுக்கே சொல்லிவிட்டார். இன்று மதியம் சாப்பிட உட்காரும்போது போன் செய்கிறார், "என்னம்மா, நான் அச்சாயிட்டேனா? மேல்வீட்டுக்காரர் புது மெத்தை வாங்கணும்னாரு, கொஞ்சம் பொறுங்க, நான் வந்ததும் வாங்கிக்கலாம்னு சொல்லி வெச்சிருக்கேன்." அவள் சிரித்துவிட்டு, திறந்த டிபன்பாக்ஸை மறுபடி மூடினாள். இன்னும் வேலை நடக்குதுப்பா என்றாள். என்ன வேலை நடக்கிறது என்று எப்படிச் சொல்வது, உங்கள் காதை எடுத்துவிட்டார்கள், இனி மேலிருந்து கீழே வருவார்கள் என்றா?

கீழேதான் வந்துகொண்டிருக்கிறான். இரண்டு தாடைகள் ஒரே தாடை ஆயிற்று, அப்பா பத்து வயது இளைத்தார். பனியன் மடிப்புப் போயிற்று. புருவத்தில் குத்திட்டு நிற்கிற இரண்டு முடி, அவற்றை வெட்டிவிட அம்மா கத்தரியோடு பின்னாலேயே திரிவாள், இவன் ஒரே தட்டில் முடித்துவிட்டான். ஒவ்வொன்றிலும் நின்று நின்று கேட்கிறான், இது என்னக்கா, இது எதுக்குக்கா, எடுக்கப்போகிறவனுக்கு இந்த விசாரணை எதற்கு? வெட்டப்போகிற ஆட்டிடம் உன் பேர் என்ன, உனக்கு எத்தனை குட்டி என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. வேண்டுமென்றே சுருக்கமாகப் பதில் சொன்னாள், எரிச்சல் அவனுக்குத் தெரியவேண்டும் என்று. தெரிந்தால்தானே. காலுக்கு வந்துவிட்டான்.

"இந்தக் கால் மட்டும் ஏன்க்கா வெளிய இருக்கு?"

"ரெண்டு காலும் போர்வைக்குள்ள இருந்தா அவருக்குத் தூக்கம் வராது."

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரையில் குனிந்தான். விரல்களைப் பார்த்தான், பெருவிரல் நகம் பாதி உடைந்திருப்பதைப் பார்த்தான், நகம் உடைஞ்சிருக்கே என்று தனக்குள் சொல்லிக்கொண்டான், அவள் சொல்லாமலே. விட்டுவிடுவான் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். ஒரு கோட்டை இழுத்துக் காலைப் போர்வைக்குள் தள்ளி மூடினான். அப்பாவுக்கு இழுத்துப் போர்த்திவிட்டான்! சொந்த வீட்டில் பெற்ற பெண்கள் போர்த்தினால் உதைத்துத் தள்ளுகிற கால் அது. அவளுக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாமா, இந்த நாற்காலியை அப்படியே பின்னால் தள்ளிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, டயர் கடை வழியாக நேராகப் பஸ் ஸ்டாப்புக்கு... திங்கட்கிழமை பல்வலிக்காரர்கள் வருவார்கள், அவள் வரைவாள், ஒரு கோட்டை ஒருத்தனும் தொடமாட்டான்.

"இங்க பாருங்கக்கா" என்று அவன் கூப்பிட்டான், அவள் வரைந்ததையும் தான் செதுக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினான். லேபிளில் அவ்வளவுதான் வருமாம். பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவளுடைய அப்பா மிதிபட்ட கரப்பான்பூச்சி மாதிரி இருந்தார், தொப்பை எது, தலை எது, ஒரே கறுப்புக் கூளம், ஏதோ கசக்கி எறிந்தது. அவனுடையதில் ஒருத்தர் தூங்கினார். நான்கைந்து வளைவு, அதற்கே தூக்கம் வந்துவிட்டது. பூனை வரைந்தால் பூசணிக்காய் வருகிறவனுக்கு இது மட்டும் எப்படி வந்தது? ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று அவள் கண் அலைந்தது, மேலே கீழே, தலையணை, போர்வை... கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

"ஆனா இது எங்க அப்பா இல்லையே."

"மெத்தை வாங்குறவங்களுக்கு உங்க அப்பாவைத் தெரியாதேக்கா" என்றான் அவன். சொன்னபிறகு அது கொஞ்சம் கடுமையாக விழுந்துவிட்டது என்று அவனுக்கே பட்டிருக்கவேண்டும், சூயிங்கத்தை எடுத்து ஒரு தாளில் சுற்றிக்கொண்டு எழுந்தான். "வாயை மட்டும் நான் தொடலக்கா. அது இருந்தா இருக்கட்டும்னு விட்டுட்டேன். நீங்களே பார்த்துக்குங்க." டீ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போய்விட்டான்.

என்ன பெருந்தன்மை பாருங்கள், வாயை விட்டுவைத்திருக்கிறானாம். வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு வாசற்படியை மட்டும் உங்களுக்கே என்று கொடுக்கிற மாதிரி. அவள் அவனுடைய நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள், அந்த நாற்காலி அவளுடையதைவிட மெத்தென்று இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. இவனா சொல்வது அவள் கோட்டைப் பற்றி, அவள் கோட்டைப் பாராட்டாதவர்கள் உண்டா? அப்படியே போட்டோ மாதிரி இருக்கு என்பாள் அக்கா. அக்கா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறதே ஒரு படம், அக்கா, அவள் வீட்டுக்காரர், மடியில் குழந்தை, வருகிறவர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தி வைத்து, எங்க தங்கச்சி வரைஞ்சது என்று காட்டுவாள், அவர்களும் அடடா என்பார்கள், அப்படியே உயிரோட இருக்கே என்பார்கள். அந்தக் குழந்தையின் வலது கையில் ஆறு விரல். பொம்மையைப் பிடித்திருக்கிற கை, நிழல் போடும்போது ஒரு விரல் கூடிப்போய்விட்டது, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய பிறகுதான் அவளே பார்த்தாள். பார்த்ததும் உடம்பெல்லாம் கூசிப்போனது, யாராவது சொல்வதற்கு முன்னால் இறக்கித் திருத்திவிடவேண்டும் என்று துடித்தாள். யாரும் சொல்லவில்லை. குழந்தைக்கு இப்போது ஸ்கூல் பை தூக்குகிற வயது, அதன் அம்மாகூட, தினமும் தூசி தட்டுகிற அம்மாகூட, அந்த விரலைப் பார்க்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்லாமல் காத்திருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும், ஒருத்தராவது, ஒருத்தராவது பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்கமாட்டார்களா... அப்பா மட்டும் என்ன, நாளைக்கு இந்த லேபிளைக் கொண்டுபோய் நீங்கதான்பா என்று காட்டினால், ஆமா நானேதான் என்பார், காது எங்கே என்று கேட்கமாட்டார், மேல்வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். நிலாவைக் காட்டினாலும் நானேதான் என்பார். இத்தனை வருஷமாக இவர்கள் எதைத்தான் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்?

திரையில் அந்த வாய் இருந்தது. பெரிதாக வைத்துப் பார்த்தால் அப்பாவின் வாயேதான், கீழுதடு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு, உள்ளே இருட்டு. சுருக்கிப் பார்த்தாள். ஒரு கறுப்புப் பொட்டு. அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று யாராவது நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். மறுபடி பெரிதாக்கினாள், மறுபடி சுருக்கினாள். கண் அந்தப் பொட்டுக்கே போகிறது, தலையணைக்குப் போகமாட்டேன் என்கிறது, போர்வையின் அந்த நீளமான வளைவில் வழுக்கிக்கொண்டு வந்த கண் அங்கே வந்து இடறி நிற்கிறது. இடறுகிறதே, இடறுகிறதே என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவளுடைய விரல் அதற்குள் அதைத் தட்டி எடுத்துவிட்டிருந்தது. அம்மா கல்யாணமான நாளிலிருந்து மூடுங்க, மூடுங்க என்று சொல்லியும் மூடாத வாய். இரண்டு புள்ளி, அவ்வளவுதான். கண் இப்போது தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போயிற்று, எங்கேயும் நிற்காமல், தூக்கம் படம் முழுக்கப் பரவிவிட்ட மாதிரி. நன்றாக இருந்தது. அவன் செய்ததைவிட நன்றாக இருந்தது. ஐயோ என்று இருக்கவேண்டாமா, கை நடுங்கவேண்டாமா, பெற்ற அப்பாவின் கடைசி அடையாளத்தை எடுத்திருக்கிறாள், கை சொன்னபடி கேட்டுவிட்டு அடுத்தது என்ன என்று மவுஸின் மேல் காத்திருக்கிறது. யாராவது எடுக்கச் சொல்லியிருந்தால் அவர்கள் மேல் பாயலாம். யாரும் சொல்லவில்லையே. கீழே டயர் கடையில் ஏதோ சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள், எப்போதிலிருந்து அடிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

புள்ளி இரண்டு காகிதக் கப்போடு வந்தான். அறையின் அந்தக் கோடியில், கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு நின்றவன், அங்கிருந்தே, "வாயை எடுத்துட்டீங்களா?" என்றான்.

கட்டைவிரல் நகம் அளவு படம். அந்தக் கோடியிலிருந்து. அவளுக்குத் திட்டவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் பிடிக்கவில்லை. இவன்தானா கிடைத்தான், உலகத்தில் வேறு ஆளே இல்லையா, அவள் கோட்டை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு அதை எடுத்துப் போடுகிறவன்தான் வரவேண்டுமா? ஆமாம் எடுத்தேன், என்ன இப்போ என்றாள், சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி. அவன் சண்டைக்கு வரவில்லை, கப்பை மேசையில் வைத்துவிட்டு அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான், ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். நான் எடுக்கணும்னு நினைச்சேன், மனசு வரலை என்றான். பிறகு, வாய் போனதால் கன்னம் தனியாக உப்பி நிற்கிறது பாருங்கள் என்றான். நிற்கத்தான் செய்தது. அவள் முன்பே பார்த்திருந்தாள், அவன் வாயால் கேட்டதும் தன்னுடையதை அவன் தூக்கிக்கொண்டான் என்று ஒரு கோபம் வந்தது, தெரியும் தெரியும் என்று கன்னத்துப் புள்ளியைப் பிடித்து இழுத்தாள், ரொம்ப உள்ளே போய்விட்டது, ஒட்டிப்போன கன்னம், காய்ச்சல்காரர் மாதிரி. வெளியே இழுத்தாள். கொஞ்சம் கீழே... இல்லை, கீழே வேண்டாம், அந்த வளைவு தலையணையோடு போய்ச் சேரவேண்டும், சேர்கிற இடம் தெரியக் கூடாது...

"என்னம்மா, என்ன முடிவு பண்ணியிருக்கீங்க? திங்கக்கிழமை வர்றீங்களா?"

முதலாளி எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அதிசயமாகக் காதில் போன் இல்லை, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். இதற்குத்தான் வாரம் முழுக்க அவள் பதில் தயார் செய்துகொண்டிருந்தாள், இன்று மத்தியானம்கூடப் பஸ் ஸ்டாப் வரைக்கும் மனசுக்குள் போய் வந்தாள், உங்க வேலைக்கும் வரையுறதுக்கும் சம்பந்தமே இல்லை சார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழுந்திருக்கவேண்டும், அதுதான் நியாயம், அதைத்தான் சொல்லப்போகிறாள்.

"கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்றாள், திரும்பாமல்.

புள்ளி அவளைத் திரும்பிப் பார்த்தான். சொன்னது அவள் காதிலும் விழுந்தது. கை ஓடிக்கொண்டிருக்கிறபோது குறுக்கே வந்து கூப்பிடுகிறவர்கள் மேல் மட்டும் பாய்கிற குரல் அது, வீட்டில் அந்தக் குரலைக் கேட்டால் அப்பாகூட வந்த காலைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவார். படம் வரையும்போது மட்டும்தான் அது வரும், வேறு எதற்கும் வந்ததில்லை, சலவைக்கடை நம்பரை நகர்த்தியபோது வரவில்லையே. இங்கே எங்கிருந்து வந்தது? இங்கே யார் வரைகிறார்கள்? முதலாளி பின்னால் நின்று தொண்டையைச் செருமினார், பதில் சொல்லவேண்டும், ஏதாவது ஒன்று சொல்லித்தான் ஆகவேண்டும், சொல்லலாம், இந்தக் கன்னம் மட்டும் முதலில் தலையணையில் உட்காரட்டும்.